பயனாளி சிரித்தால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே கால். செங்கல்பட்டில் ஏரிக்குப் பக்கத்திலிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையில் மைக்கோடு நின்றுகொண்டிருக்கிறேன். கேபிள் டிவியில் லைவ். என் வலப்பக்கம் ஒரு நாற்காலி. அதில் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள், நான் சொன்ன ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நான் கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து முகத்தைத் துடைத்தபடி குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்: "தாயே, இவங்க சிரிப்ப எப்படியாவது நிறுத்து."

பலகுரல் தொழிலில், சொன்ன ஜோக் விழவில்லையே என்று வேர்த்தவர்கள் ஏராளம். விழுந்துவிட்டதே என்று வேர்த்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான். இப்போது தொழிலுக்கு வருகிற தம்பிகள் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், டிவியில காமெடி பண்ணி நிதி திரட்டுற ப்ரோக்ராம்லாம் இப்பவும் சிரிப்பா இருக்கா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல முடியும்.

1. சுவருக்காகச் சிரித்த காலம்

தொண்ணூறுகளில் நான் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் 'கேப்' ஆள். பாடகர் வெந்நீர் குடிக்கப் போகும்போதும், கீபோர்டு ஒயர் பிடுங்கிக்கொள்ளும்போதும் மேடைக்கு ஓடிவந்து, கூட்டம் எழுந்து போகாமல் பிடித்துவைப்பது என் வேலை. கைவசம் மூன்று ஐட்டம்: செங்கல்பட்டு ஜங்ஷன் ரயில் அறிவிப்பு, திருப்போரூர் பஸ் கண்டக்டர், பிரஷர் குக்கர். மூன்றில் குக்கருக்குத்தான் மரியாதை அதிகம். நான் மூன்றாவது விசில் விடும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது ஒருத்தர் "அடுப்ப அணைச்சிட்டு வந்தேனா?" என்று எழுந்துகொள்வார்.

அப்போதும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் உண்டு. கருங்குழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட நாங்கள் போனது நினைவிருக்கிறது. தலைமையாசிரியர் டிக்கெட்டைப் பிள்ளைகள் தலையில் கட்டினார். பிள்ளைகள் அப்பன் தலையில் கட்டினார்கள். காசு கொடுத்துத் தொலைத்தாயிற்றே என்று ஜனம் வந்தது, சிரித்தது, கலைந்தது. சுவரும் எழும்பியது. யாருக்காக நிதி திரட்டினோமோ அந்தச் சுவர், மேடையில் வந்து உட்காரவில்லை. அது அழாது, சிரிக்காது, இருமாது. அந்த வசதியின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

2. குணாவின் ஃபார்முலா

இரண்டாயிரத்துக்குப் பிறகு கச்சேரிகள் குறைந்தன. ஜனம் வீட்டில் டிவி முன்னால் குந்திவிட்டது. நானும் அங்கேயே போய்விட்டேன். குணசேகரன் என்று என் பள்ளிக்கூடத்துத் தோழன், செங்கல்பட்டில் கேபிள் நடத்திக்கொண்டிருந்தான். டிஷ் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டியே மொட்டை மாடி வெயிலில் கருத்துப் போனவன். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், திருப்போரூர் வரைக்கும் ஃபைபர் இழுத்து, சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் ஆரம்பித்திருந்தான். அதில் தினமும் காலையில் கோயில் அபிஷேகம், மாலையில் நான்.

வருடத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு கஷ்டப்பட்ட ஆளுக்காக மூன்று மணி நேரம் லைவ் காமெடி நடத்தலாம் என்பது குணாவின் யோசனை. அதற்கு அவன் ஒரு ஃபார்முலா வைத்திருந்தான்.

"ஒரு பஞ்ச், ஒரு க்ளோஸப், ஒரு ஃபோன். அவ்ளோதான் மச்சான்."

விளக்கம் இது: நான் ஜோக் சொல்லுவேன். வீட்டில் இருப்பவர் சிரிப்பார். அவர் வாய் மூடுவதற்குள் கேமரா பயனாளியின் சோகமான முகத்துக்குப் போகும். "ஐயோ, இவர வெச்சிக்கினு நாம சிரிச்சிட்டமே" என்று அவருக்குச் சுருக்கென்று தைக்கும். உடனே ஃபோனை எடுப்பார். சிரித்த குற்றத்துக்கு அபராதம் கட்டுவது மாதிரி. கட்டியவுடன் அவர் பெயர் திரையின் அடியில் ஸ்க்ரோலில் ஓடும். அதைப் பார்க்க அவர் வீட்டோடு உட்கார்ந்திருப்பார், அடுத்த ஜோக்குக்கும் சிரிப்பார்.

முதல் வருடம் கால் முறிந்த ஒரு லாரி கிளீனர். அவர் முகமே ஐப்பசி மாதத்து வானம் மாதிரி. என் குக்கர் கூவக் கூவ அவர் உம்மென்று இருந்தார், ஃபோன் மணியும் கூவியது. இரண்டாம் வருடம் தையல் மெஷின் கேட்ட ஒரு பெண்மணி. அவர் மூன்று மணி நேரமும் தலையே நிமிர்த்தவில்லை. குணா கேமராவைத் தரையில் வைத்து எடுத்தான். நான் பெருமையில் மிதந்தேன். என் நகைச்சுவை ஊருக்கு உதவுகிறது என்று வீட்டில் நான் பேசியதையெல்லாம் இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

3. வடகறி சரோஜா

மூன்றாவது வருடம் சரோஜா அக்கா.

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் தள்ளுவண்டியில் இட்லி, வடகறி விற்றவர். ஆட்டோக்காரர்கள், டூரிஸ்ட் வேன் டிரைவர்கள், கல் உளி பிடிப்பவர்கள் எல்லாருக்கும் காலை நாஸ்தா அங்கேதான். ஐம்பதை நெருங்கும் வயது. சின்ன வயதுக் காய்ச்சலில் இருதயத்து வால்வு ஒன்று சுருங்கிப்போய், நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அறுப்பதற்கும் தைப்பதற்கும் அவர்கள் காசு கேட்கவில்லை. வால்வை மட்டும் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் வால்வு வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்கு. இவர் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு நாள் அந்த இருதயம் நிற்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

நிகழ்ச்சி தொடங்கும் முன் குணா அவரிடம் பாடம் எடுத்தான்.

"யக்கா, நீ ஒண்ணும் பேச வேணாம். சோகமா குந்திக்கினு இரு, போதும்."

"எம்மா நேரம்டா?"

"மூணுலேர்ந்து ஆறு."

"மூணு மணி நேரமா? என் மாமியார் செத்தப்பவே நான் அம்மா நேரம் சோகமா இல்லியேடா!"

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. குத்துவிளக்கு ஏற்றினோம். அதை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தோம். பயனாளிக்கு ரோஜா மாலை போட்டோம். உள்ளூர் டாக்டர் வசந்தா சிறப்பு விருந்தினராக முதல் வரிசையில் உட்கார்ந்தார். லைவ் ஆரம்பித்தது.

முதல் ஐட்டம் ஜங்ஷன் அறிவிப்பு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்று மணிக்கு வரவேண்டிய வண்டி, மூன்றரைக்கு வந்துவிடும் என்று நான்கு மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது."

கூட்டம் சிரித்தது. குணா வழக்கம்போல் சோக முகத்துக்கு க்ளோஸப் போனான். திரை முழுக்க சரோஜா அக்காவின் பல்.

முதல் ஃபோன் திருப்போரூரிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டோம்.

"சார், நல்லா கீது சார் ப்ரோக்ராம். பேஷன்ட்டு எப்ப வருவாங்க?"

"நாற்காலில உக்காந்திருக்காங்களே சார், அவங்கதான்."

"அவங்களா? நான் சீஃப் கெஸ்ட்டுன்னு நெனச்சேன்." ஃபோனை வைத்துவிட்டார்.

அடுத்த கால் மணி நேரம் ஃபோன் அடிக்கவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து குணாவின் தலை முளைத்தது. கையிலிருந்த ஸ்லேட்டில் "அழ வை" என்று எழுதிக் காட்டினான்.

4. சிரிப்பு வராமல் பேசுவது எப்படி

விளம்பர இடைவேளையில் டாக்டர் வசந்தா மேடைக்கு வந்தார். என் காதருகே குனிந்து, ரொம்ப அமைதியாகப் பேசினார். டாக்டர்கள் அமைதியாகப் பேசினாலே எனக்குத் தொடை நடுங்கும்.

"கதிரேசன், அவங்கள இவ்வளவு சிரிக்க விடாதீங்க. பாருங்க, எப்படி இருமுறாங்க, எப்படி மூச்சு வாங்குறாங்க. இன்னும் ரெண்டு ஜோக் இப்படிப் போச்சுன்னா நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சிரிக்க வைத்தால் அந்தம்மாளுக்கு மூச்சு போகும். சிரித்த முகம் திரையில் தெரிந்தால் வால்வு போகும். சிரிக்க வைக்காவிட்டால் என் பிழைப்பு போகும். காமெடி நிகழ்ச்சியில் யாரும் சிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், லைவில், இன்னும் இரண்டரை மணி நேரம்.

நான் அவரருகே போய்க் கெஞ்சினேன்.

"யக்கா, சிரிக்காத யக்கா. டாக்டரம்மா திட்றாங்க."

"நீ சிரிப்பு காட்டாத, நான் சிரிக்கல."

"நான் எங்க யக்கா காட்றேன்? பயத்துல இன்னா பேசறோம்னே தெரியாம பெனாத்திக்கினு கீறேன்."

இதற்கும் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். குணா ஆவலோடு க்ளோஸப் போய், ஏமாந்து திரும்பினான்.

இடைவேளை முடிந்ததும் நான் சிரிப்பில்லாத வழிகளில் இறங்கினேன். புல்லாங்குழல் சோக ட்யூனைக் கேசட்டில் ஓடவிட்டு, அக்காவின் வாழ்க்கைக் கதையைத் தழுதழுத்த குரலில் சொன்னேன். சின்ன வயதில் காய்ச்சல், பதினெட்டில் கல்யாணம், இருபத்தெட்டில் கணவர் மறைவு, தனியாளாக மகளைப் படிக்க வைத்தது. அரங்கம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதிக்கு வந்தது. நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "டேய், கத என்னுதுதான். அதுல என் மாமியார் எங்கடா? அவ இல்லன்னா கதயே இல்லியே!" அரங்கம் வெடித்தது.

முன்கூட்டியே பணம் கொடுத்து ஸ்க்ரோலில் ஏறியிருந்த நான்கைந்து பெயர்களை, ஒப்பாரி வைப்பதுபோல் இழுத்து இழுத்து வாசித்தேன். சிரித்தார். நாளைக்கு எந்தெந்தத் தெருவில் கரன்ட் கட் என்று வாசித்தேன். என் குரல் நடுங்கிய நடுக்கத்தில் கேட்டவருக்கு அது ஏதோ புது மிமிக்ரி என்று தோன்றியிருக்க வேண்டும். பின் வரிசையில் ஒருவர் விசிலடித்தார். வாழ்நாள் முழுக்க நல்ல ஜோக்குக்கு ஏங்கியவன் நான். அன்றைக்கு என்ன சொன்னாலும் ஜோக்காயிற்று.

கடைசியில் டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சரோஜா அக்காவைக் கைத்தாங்கலாகப் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போனார். மாலை கழுத்தில் குத்துகிறது என்று அக்கா அதைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டுப் போனார்.

5. மாலை போட்ட நாற்காலி

அப்பாடா என்று நான் மைக்கைத் தாழ்த்தினேன். இரண்டு நிமிடம் பேசவில்லை, மூச்சு வாங்கினேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். கண்ணிலும் வேர்வை இறங்கியிருந்தது, அதையும் ஒற்றிக்கொண்டேன். புல்லாங்குழல் கேசட்டை யாரும் நிறுத்தவில்லை.

வீட்டில் டிவி பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: கால் மணி நேரமாக இருமிக்கொண்டிருந்த அம்மாளைத் தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். இப்போது காலி நாற்காலி. அதன் மேல் ரோஜா மாலை. பக்கத்தில் எரியும் விளக்கு. சோக இசை. கண்ணைத் துடைக்கும் காமெடியன்.

ஃபோன் அடித்தது. எடுத்தால் ஒருவர் விக்கி விக்கி அழுகிறார். மாமல்லபுரம் ஆட்டோ ஸ்டாண்டு மணி. "அக்கா கையால தெனம் துன்னவன் சார் நானு" என்றார், ஒரு தொகையைச் சொன்னார், அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டார். நான் நெகிழ்ந்துபோனேன். அடுத்தது திருக்கழுக்குன்றம். அதற்கடுத்தது கடலோரத்து ரிசார்ட் ஒன்றின் சமையல்காரர்கள், மொத்தமாக. இரண்டு லைனும் ஓயவில்லை. ஸ்க்ரோல் நீண்டுகொண்டே போனது. நான் சொன்ன அக்காவின் கதை கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது என்று எண்ணி நான் நிமிர்ந்து நின்றேன்.

ஏழாவதோ எட்டாவதோ ஃபோனில் ஒரு பெரியவர் கேட்டார்: "எத்தினி மணிக்கு சார் எடுக்கறாங்க? வெளியூர்லேர்ந்து யாருனா வரணுமா?"

அப்போதுதான் நான் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். மாலையைப் பார்த்தேன். விளக்கைப் பார்த்தேன்.

இடைவேளை விடச் சொல்லி, தூணுக்குப் பின்னால் குணாவைப் பிடித்தேன்.

"மச்சான், அவங்க செத்துட்டாங்கன்னு நெனச்சிக்கினு கீறாங்கடா!"

"நாம சொன்னமா?"

"சொல்லல."

"அப்புறம் இன்னா? ஜனங்களா நெனச்சிக்கினா நாம பொறுப்பா? ஆறு மணி வரைக்கும் பொத்திக்கினு இரு. வால்வு வந்துடும்."

"மாலையையாவது எடுத்துடலாம்டா."

"கைய வெச்ச, நடக்கறதே வேற."

இந்த இடத்தில் நான் வீரமாக எதிர்த்தேன் என்று எழுத ஆசை. எதிர்க்கவில்லை. இருபது நிமிடம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. வந்த பெயர்களை மட்டும் வாசித்தேன். வியாழக்கிழமை, வால்வு, வியாழக்கிழமை, வால்வு என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய பயம், அக்கா டீ குடித்துவிட்டு மேடைக்கு வந்துவிடுவாரோ என்பது.

வந்தது அக்கா இல்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து அவருடைய தம்பி ஏழுமலை. டிவிஎஸ் ஃபிஃப்டியை வாசலில் தள்ளிவிட்டு, கையில் ஒரு மாலையும் ஒரு பாக்கெட் ஊதுவத்தியுமாக, "யக்கா, என்ன வுட்டுட்டு பூட்டியே" என்று நடு அரங்கில் ஓடிவந்தார். குணா கேமராவை அவர் பக்கம் திருப்பினான். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஏழுமலையைத் தோளோடு அணைத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இழுத்துப்போனேன்.

அங்கே சரோஜா அக்கா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, சமையல்காரரிடம், போண்டாவில் மிளகு போதவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஏழுமலை மாலையோடு நின்றார். பிறகு அவருக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னாத்துக்கு யக்கா உசுரோட குந்திக்கினு கீற? நான் வேல வெட்டிய வுட்டுட்டு அழுதுக்கினே வந்தேன்!"

6. நடைமேடைக்கு வந்த வண்டி

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் குணாவும் வந்து நின்றான். அக்கா முதலில் கேட்டது, யார் யார் அழுதார்கள் என்று.

"ஆட்டோ மணியா? அவனா அழுதான்? நேத்துகூட என் வடகறிய வாயில வெக்க முடியலன்னானே!"

குணா கெஞ்சினான். "யக்கா, ஆறு மணி வரைக்கும் இங்கயே இரு யக்கா. உன் நல்லதுக்குத்தான். வெளிய வந்தின்னா அல்லாம் போச்சு."

அக்கா போண்டாத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"ஏன்டா, செத்தவளுக்கு வால்வு எதுக்குடா?"

யோசித்தால், ஃபோன் செய்தவர்களில் பாதிப்பேர் 'காரியத்துக்கு' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"நாளான்னிக்கு நான் வண்டி போட்டா, இட்லி துன்ன வர்றவன் என்னப் பாத்து கடல்ல போய் வுழமாட்டான்? எழுந்திருடா ஏழுமல. கையப் புடி."

நாங்கள் மேடைக்குப் போனோம். அக்கா நாற்காலியிலிருந்த மாலையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். லைவ் விளக்கு எரிந்தது. நான் உண்மையைச் சொல்ல வேண்டும். மனதுக்குள் நல்ல வாக்கியங்கள் தயாராக இருந்தன: தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், இப்படி. வாயைத் திறந்தேன். என் சொந்தக் குரல் வரவில்லை. பயத்தில் அது எங்கேயோ ஒளிந்துகொண்டது. தொண்டைக்குள் கைக்கு அகப்பட்ட ஒரே குரல் வெளியே வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காலமானதாகக் கருதப்பட்ட மாமல்லபுரம் சரோஜா அவர்கள், நாற்பது நிமிடம் தாமதமாக, முதலாவது நடைமேடைக்கு வந்து சேர்ந்துள்ளார். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. என் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். டாக்டர் வசந்தா அவர் நாடியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு கனத்த குரல்.

"யோவ், செத்துட்டாங்கன்னுதான்யா நான் சொன்னேன். உசுரோட இருந்தா என் பேர எடுத்துடு."

அக்கா மைக்கை என்னிடமிருந்து வாங்கினார்.

"பேரு இன்னா சார்?"

சொன்னார்.

"சரி சார், எடுத்துடச் சொல்றேன். நெஜமா போவும்போது சொல்லி அனுப்பறேன், அப்ப குடு."

அதன் பிறகும் பலர் கூப்பிட்டார்கள். கோபமாகச் சிலர், தயங்கித் தயங்கிச் சிலர். ஸ்க்ரோலில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு அம்மாள், "உங்களுக்கு நல்லா இருந்தா சந்தோஷம்தாங்க, நான் வேற யாருக்காவது குடுத்துக்கறேன்" என்றார். அக்கா ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். சிரிக்கவில்லை இப்போது. அந்த முகத்தைக் குணா க்ளோஸப் எடுத்திருக்கலாம். அவன் ஃபார்முலா கேட்ட முகம் அதுதான். அவன் கேமராவை விட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றான்.

பெயரை எடுக்காதவர்களும் இருந்தார்கள். ஆட்டோ மணி மறுபடி கூப்பிட்டு, அக்காவை ஐந்து நிமிடம் வாய்க்கு வந்தபடி திட்டினார். பாதிக்கு மேல் ஒளிபரப்ப முடியாதது. முடிவில், "இனிமே உன் வடகறிய நான் எதனா சொன்னா என்ன செருப்பால அடி" என்று மறுபடி அழுதார். ஆறு மணிக்கு நிகழ்ச்சியை முடித்தோம். வால்வுக்கு வேண்டியதில் பாதி தேறியிருந்தது. வியாழக்கிழமைக்குப் பதினொரு நாள் இருந்தது.

மீதி எப்படி வந்தது என்று கேட்டால், காமெடியாலும் வரவில்லை, கண்ணீராலும் வரவில்லை. மறுநாள் ஏழுமலை வண்டியைப் போட, அக்கா பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவர் நிஜமாகவே உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க ஜனம் வந்தது. பார்த்தவர்கள் சும்மா நிற்க முடியாமல் இட்லி வாங்கினார்கள். செத்துப் பிழைத்தவள் கண் முன்னால் சாப்பிட்டால் ஆயுசு கெட்டி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். திருப்போரூரிலிருந்து குடும்பத்தோடு வந்தார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டி மேல் ஒரு தகர டப்பாவை வைத்து, சாப்பிட்டவர்களை அதைக் கடக்காமல் போகவிடவில்லை. பேரை எடுக்கச் சொன்ன கனத்த குரல்காரரும் வந்து, நான்கு இட்லி சாப்பிட்டு, தலையைக் குனிந்தபடி டப்பாவில் போட்டுவிட்டுப் போனதாக ஏழுமலை சொன்னார். புதன்கிழமை காலை வால்வு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

7. தலையணை

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்து வார்டுக்குப் போனேன். ஆரஞ்சுப் பழமும் மூன்று புது ஐட்டமும் கொண்டுபோனேன். அக்கா இளைத்திருந்தார். நெஞ்சில் கட்டு. மடியில் ஒரு தலையணை. இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தையல் பிரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்களாம்.

நான் மூன்று ஐட்டத்தையும் மெதுவான குரலில் செய்து காட்டினேன். பக்கத்துக் கட்டில்களில் புன்னகைத்தார்கள். அக்கா கவனமாகக் கேட்டார். தலையணை மடியிலேயே கிடந்தது.

"இன்னா யக்கா, வலிக்குதா? அன்னிக்கு என் ரயிலுக்கு அவ்ளோ சிரிச்சியே."

"உன் ரயிலுக்கா? டேய், அன்னிக்கு நான் உன் ஜோக்குக்கு சிரிச்சேன்னா நெனச்சிக்கினு கீற?"

நான் ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு நெஞ்ச அறுக்கப் போறாங்க. ஆனா உன் கால் ஒதறுது, மைக் ஒதறுது, தண்ணிய மூக்குல ஊத்திக்கற. அங்க அத்தினி பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறாங்க, இவ எப்ப அழுவான்னு. நெஜமா பயந்துக்கினு இருந்தவன் நீ ஒருத்தன்தான்டா. அதான் உன்னயே பாத்துக்கினு இருந்தேன். பயம் தெரியல எனக்கு."

எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். ஆரஞ்சுப் பையை அவரிடம் நீட்டினேன், கை நடுங்கி ஒரு பழம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தவன் ட்ரிப்ஸ் ஸ்டாண்டில் தலையை இடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது சரோஜா அக்கா அவசர அவசரமாகத் தலையணையை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இந்த மாதிரி நிகழ்ச்சிக்குக் கூப்பிடுபவர்களிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். யாருக்காகச் சிரிக்கிறோமோ அவர் மேடையில் உட்காரக் கூடாது. கூட்டத்தில், நல்ல இடமாகப் பார்த்து, நொறுக்குத் தீனியோடு உட்கார வேண்டும். க்ளோஸப் வேண்டுமென்றால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள், நான் எப்படியும் நடுங்கிக்கொண்டுதான் இருப்பேன். அப்படி நடத்தினால் அது இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கும், தம்பிகளே. குணா உட்பட இதுவரை எந்தச் சேனலும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, கல்யாண வரவேற்புகளுக்குத் தேதி காலியாக இருக்கிறது.